ஊமையன் கோட்டை

காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு உலகம் முழுவதும் அத்துபடி. ரங்கூன் மொகல் தெருவில் யார் யாருடைய கடை எங்கெங்கே இருந்தது என்பதை, தாம் நேரில் பார்த்திராவிட்டாலும், பாட்டனார் சொல்லக் கேட்டு இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவார்கள். பினாங்கும் கொழும்பும் சைகோனும் அவர்களுக்குப் பக்கத்து வீடு. ஆனால், "திருமயம் கோட்டைமேல் ஏறியிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதற்கென்ன, புதுக்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து பார்க்கிறோமே!" என்று பதில் வரும். காரைக்குடிக்குச் சுமார் 13 மைல் தூரத்தில் இருப்பதுதான் அந்தக் கோட்டை செய்த ஒரே குற்றம். கடல் கடந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்திருந்தால், நம்மவர்கள் எப்போதோ டிக்கட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருப்பார்கள்.

நான் சரித்திர உபாத்தியாயன். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தக் கோட்டைக்குப் போய் வருவதை ஒரு விரதம் போல வைத்துக்கொண்டிருக்கிறேன். 'கோட்டை' என்று புத்தகத்தில் படிக்கிற பையனுக்குச் சினிமாவில் வரும் அட்டைக் கோட்டைதான் மனக்கண்ணில் தோன்றுகிறது. வெயிலில் காய்ந்த கல்லைக் கையால் தொட்டுப் பார்த்தவனுக்கோ, சரித்திரம் பரீட்சைக்குப் பிறகும் மறப்பதில்லை. சென்ற தடவை அப்படிப் போயிருந்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் கேட்ட இரண்டு கேள்விகள் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அவற்றைச் சொல்வதற்கு முன்னால் நேயர்களுக்கு வழியையும் ஊரையும் காட்டிவிடுகிறேன்.

காரைக்குடியை விட்டு வடக்கே போகும் பாதையில் செட்டிநாட்டு ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கானாடுகாத்தானுக்குப் பிரியும் இடத்தில் சற்று இறங்கி உள்ளே போனால், ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைப்புறமுமாக நீண்டு கிடக்கும் நகரத்தார் வீடுகளைக் காணலாம். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து இழைத்து மெருகேற்றிய சுவர்கள். ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரைகள். அந்தச் சுவரில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று சொல்லுவார்கள். இவையும் ஒரு வகையில் கோட்டைகள்தாம். ஆனால் பகைவனுக்கு அஞ்சிக் கட்டியவை அல்ல. பெண்ணின் கல்யாணத்துக்கும் பிள்ளையின் சடங்குக்கும் ஊரே வந்து உட்கார வேண்டுமென்று கட்டியவை. இன்றோ பல வீடுகளில் ஒரு காவல்காரரும் சில புறாக்களுமே குடியிருக்கிறார்கள்.

அந்த வீடுகளைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் செம்மண் பொட்டலும் கண்மாயும் பனை வரிசையும் வரும். பனைகளின் தலைக்கு மேலே, கவிழ்த்து வைத்த கொப்பரை போல ஒரு பெரும் பாறை தெரியும். அதன் இடுப்பில் ஒட்டியாணம் போட்டாற்போல மதில். உச்சியில் ஒரு கொத்தளம். அதுதான் திருமயம்.

ஊரின் பழைய பெயர் திருமெய்யம். மெய் என்றால் சத்தியம். அதையே வடமொழியாக்கி மலைக்குச் சத்தியகிரி என்று பெயர் வைத்தார்கள். மலையின் தென்புறச் சரிவில் பாறையைக் குடைந்து அமைத்த இரண்டு கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் சத்தியகிரீசுவரர், மற்றொன்றில் சத்தியமூர்த்திப் பெருமாள். ஊருக்கும் மெய், மலைக்கும் மெய், சிவனுக்கும் மெய், திருமாலுக்கும் மெய்! உண்மையைத் தவிர வேறொன்றும் பேசக்கூடாத ஊர் இது என்று நான் பிள்ளைகளிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த வேடிக்கையே பின்னால் எனக்கு வினையாக வந்தது.

பெருமாள் கோயில் குடைவரைக்குள் பள்ளிகொண்ட கோலத்தைப் பார்க்காமல் யாரும் கோட்டைக்குப் போகக்கூடாது. பாறையோடு பாறையாகச் செதுக்கிய அந்தத் திருவுருவம் நம் தேசத்திலுள்ள மிகப் பெரிய பள்ளிகொண்ட மூர்த்தங்களுள் ஒன்று. பகவான் நிம்மதியாகத் துயில்கிறார். மது, கைடபர் என்ற அசுரர்கள் இருவர் அவரை நெருங்க வருகிறார்கள். ஆதிசேஷன் சும்மா இருக்கவில்லை. அவன் கக்கும் நெருப்பு அசுரர்களை விரட்டுகிறது. ஆண்டவன் விழிக்கவே இல்லை. விழித்திருக்கிற ஒரு பாம்பே காவலுக்குப் போதுமாயிருக்கிறது. மேலே உள்ள மதில்களுக்கெல்லாம் பல நூற்றாண்டு முன்பே இங்கே ஒரு சிற்பி காவல் என்றால் என்னவென்று கல்லில் எழுதிவிட்டான்.

இவ்வளவு அழகான இடத்தில் மனிதர்கள் சண்டை போடாமல் இருந்திருக்கக் கூடாதா? இருக்கவில்லை. ஒரே பாறையில் இரண்டு சந்நிதிகள் இருந்தபடியால், இரண்டு கோயில்காரர்களுக்கும் நெடுங்காலம் வழக்கு நடந்தது. கடைசியில் ஹொய்சளத் தளபதி அப்பண்ணன் முன்னிலையில் பெரியோர்கள் கூடித் தீர்த்து வைத்தார்கள். அதைச் சொல்லும் 1245-ம் வருஷத்துக் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. சங்கீதம் பற்றிய மிகப் பழைய கல்வெட்டு ஒன்றும் இங்கே உண்டு. குடுமியான்மலையில் உள்ள புகழ்பெற்ற இசைக் கல்வெட்டுக்கு உறவானது, ஆனால் சிதைந்துபோனது. அதன் பெரும் பகுதி பிற்காலத்து எழுத்துக்களுக்கு இடம் விட்டு மறைந்துவிட்டது. ஒருவர் எழுதியதன் மேல் மற்றொருவர் எழுதுவதுதான் சரித்திரத்தின் வழக்கம் போலும்.

கோயில்களை விட்டு வெளியே வந்து கோட்டை வாசலுக்குப் போகலாம். மதிலின் வடபுறத்தில் சாலையைப் பார்த்தபடி கோட்டைப் பைரவர் இருக்கிறார். காரும் லாரியும் நின்று அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகின்றன. சேதுபதியின் சேனை போய்விட்டது. தொண்டைமானின் சேனை போய்விட்டது. பைரவர் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறார்.

இந்தக் கோட்டையைக் கட்டியவர் இராமநாதபுரம் சேதுபதி. 'கிழவன் சேதுபதி' என்று ஜனங்கள் அழைத்த இரகுநாத சேதுபதி காலத்தில், 1687-ம் வருஷத்தில் எழுந்தது. சேதுபதியின் ராஜ்யத்துக்கு அப்போது இதுதான் வடபுறத்துக் காவல். ஏழு சுற்று மதில்கள் இருந்தனவாம். இன்று நான்குக்குத்தான் அடையாளம் இருக்கிறது. மற்றவை ஊரோடு ஊராகக் கரைந்துவிட்டன. சுற்றிலும் இருந்த அகழியும் பெரும்பாலும் தூர்ந்துவிட்டது. அதே சேதுபதிதான் தம் மைத்துனரான இரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைச் சீமைக்குத் தலைவராக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருமயமும் தொண்டைமான் வசம் வந்தது. 1733-ம் வருஷ வாக்கில் தஞ்சாவூர்த் தளபதி ஆனந்தராவ் படையெடுத்து வந்தபோது, தொண்டைமானுக்குப் புகலிடமாயிருந்தது இந்தக் கோட்டைதான். வெளியே தஞ்சைப் படை. உள்ளே தொண்டைமானும் அவரை நம்பினவர்களும். முற்றுகை நீடித்தது. கோட்டை விழவில்லை.

மலைமேல் ஏறுவது ஒன்றும் பிரமாதமான காரியம் அல்ல. ஆனால் பகல் பத்து மணிக்குமேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். பாதி வழியில் வெடிமருந்து வைத்திருந்த அறை ஒன்று இருக்கிறது. அதற்கு எதிரே செங்குத்தான பாறையில், ஆள் உயரத்துக்கும் மேலே, சிறு குகை போலக் குடைந்து உள்ளே ஒரு சிவலிங்கம். ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும். ஒரு பக்கம் வெடிமருந்து, எதிர்ப்பக்கம் ஈசுவரன். நம் முன்னோர்கள் இரண்டையும் ஒரே மலையில் வைத்துக்கொண்டு சஞ்சலமில்லாமல் வாழ்ந்திருக்கிறார்கள்! உச்சியில் கொத்தளத்தின்மேல் ஒரு பீரங்கி இருக்கிறது. பையன்கள் அதன்மேல் ஏறி உட்காராமல் பார்த்துக்கொள்வதே உபாத்தியாயருக்குப் பாதி வேலை. அங்கிருந்து பார்த்தால் கீழே கோயில்களும் திருக்குளமும், அவற்றைச் சுற்றி ஓட்டு வீடுகளும் மொட்டை மாடிகளுமாகத் தெருக்களும், அவற்றுக்கு அப்பால் கண்ணெட்டிய தூரம் வரையில் பச்சையும் சிவப்புமாகச் சமவெளியும் தெரியும். மழை பெய்த வருஷமானால் கண்மாய்கள் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் போல ஆங்காங்கே பளபளக்கும். காற்று மட்டும் எந்த வருஷமும் ஏமாற்றுவதில்லை.

அங்கே நிழல் கண்ட இடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, மேலே எழுதிய விவரங்களை எல்லாம் சொன்னேன். எல்லோரும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். ஒரு சிறுமி மட்டும் எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, புரியவில்லையா?" என்று கேட்டேன்.

"புரிகிறது, ஸார். ஆனால் கீழே வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஆச்சி, 'ஊமையன் கோட்டைக்கா போறீக? பார்த்து ஏறுங்க, ஆத்தா!' என்று சொன்னாள். எங்கள் அப்பத்தாவும் இதை ஊமையன் கோட்டை என்றுதான் சொல்லும். நீங்களோ சேதுபதி கட்டினார், தொண்டைமான் ஆண்டார் என்கிறீர்கள். ஊமையன் எங்கே வந்தார்? சத்தியத்தின் பெயர் வைத்த ஊரில் எல்லோரும் பொய்யா சொல்லுகிறார்கள்?"

நேயர்களே, உபாத்தியாயருக்குப் பதில் தெரிந்த கேள்வி உண்டு. தெரியாத கேள்வி உண்டு. பதில் தெரிந்தும் சொல்லத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. இது அந்த மூன்றாவது வகை. 'ஆமாம், தப்பாகத்தான் சொல்லுகிறார்கள்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்தால் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஆச்சியையும், வீட்டில் இருக்கிற அப்பத்தாவையும் அந்தக் குழந்தையின் கண்ணில் பொய்யர்களாக்கிவிடுவேன். 'அவர்கள் சொல்வதும் சரிதான்' என்று மழுப்பினால் என் தொழிலுக்கே துரோகம். ஆகவே, நடந்த கதையை முதலிலிருந்து சொன்னேன்.

ஊமையன் என்று ஜனங்கள் சொல்வது பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டியக் கட்டபொம்மனுடைய தம்பி குமாரசாமியை. பேச்சு வராத காரணத்தால் ஊமைத்துரை என்று அவருக்குப் பெயர். பாஞ்சாலங்குறிச்சி இங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 100 மைல். 1799-ம் வருஷத்தில் கும்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிற்று. கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறி வடக்கே வந்து, புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் மறைந்திருந்தார். தொண்டைமானுடைய ஆட்கள் அவரைப் பிடித்துக் கும்பெனியாரிடம் ஒப்படைத்தார்கள். அந்த வருஷம் அக்டோபர் 16-ம் தேதி கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள்.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். தப்பியவர் ஓடி ஒளியவில்லை. நேரே பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனார். கும்பெனியார் இடித்துத் தள்ளியிருந்த கோட்டையைச் சில நாட்களுக்குள் ஜனங்கள் திரும்பவும் எழுப்பி நிறுத்திவிட்டார்கள். அதை எதிர்த்துப் போரிட்ட வெள்ளைக்காரத் தளபதிகளுள் ஒருவரான ஜேம்ஸ் வெல்ஷ், 1830-ல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் இந்த ஊமையனைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். பார்வைக்கு மெலிந்தவர், நோயாளி போல இருப்பவர், பேச்சு இல்லை. ஆனால் அவர் கண் அசைந்தால் ஆயிரம் பேர் உயிரைக் கொடுக்கக் காத்திருந்தார்களாம். அவர் படைக்கு உத்தரவு கொடுக்கும் விதம் ஒன்றை வெல்ஷ் சொல்லுகிறார். வைக்கோல் துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வரிசையாக அடுக்குவார். அதுதான் இங்கிலீஷ் பட்டாளம். பிறகு மற்றொரு கையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளுவார். வாயால் 'உஸ்' என்று ஓர் ஒலி எழுப்புவார். அதுவே தாக்குதலுக்கு உத்தரவு.

1801 மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சி மறுபடியும் விழுந்தது. ஊமைத்துரை படுகாயமுற்றுப் போர்க்களத்தில் கிடந்தார். தன் மகனைத் தேடிக்கொண்டு வந்த ஒரு தாய், குற்றுயிராய்க் கிடந்த மகனைக் கண்டு தூக்கப் போனாள். "என்னை விட்டுவிடு, சாமியைக் காப்பாற்று" என்ற கருத்தில் மகன் கையைக் காட்டினான். அவள் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். எதிரியின் ஆட்கள் தேடிவந்தபோது அவரைத் துணியால் மூடிவைத்து, வைசூரியில் செத்த பிணம் என்று சொல்லி ஒப்பாரி வைத்தாள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். இதை எழுதி வைத்தவரும் எதிர்த்தரப்பிலிருந்த அதே வெல்ஷ்தான். அந்தத் தாயின் பெயர் என்ன என்று நான் படித்த சரித்திரப் புத்தகம் எதிலும் இல்லை.

பிழைத்தெழுந்த ஊமைத்துரை வடக்கே வந்து சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். சின்ன மருது வாசம் செய்த சிறுவயல் நம் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்தான். ஆகவே நம் மண்ணில் ஊமைத்துரை கால் பதித்திருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. அந்த வருஷம் ஜூன் மாதத்தில் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜாதி மத பேதமில்லாமல் ஜம்புத்தீவு முழுவதிலுமுள்ள ஜனங்கள் கும்பெனியாரை எதிர்த்து எழவேண்டும் என்று அது கூப்பிட்டது. அக்டோபரில் காளையார்கோயில் விழுந்தது. அக்டோபர் 24-ம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரையைப் பிடித்துக்கொண்டுபோய், நவம்பர் 16-ம் தேதி, அவர் பிறந்து வளர்ந்த பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள்.

அதோடு கும்பெனியாருக்குக் கோபம் தணியவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தை ஏரால் உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது அந்தப் பக்கத்தார் மறவாத செய்தி. 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிபட வேண்டும். ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. அப்படியே தென்பாண்டி நாட்டில் கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணாயின. திருமயம் மட்டும் நின்றது. ஏன் நின்றது? அது கும்பெனியாரின் சிநேகிதரான தொண்டைமானுடைய கோட்டை. அவருடைய உதவிக்குப் பரிசாக 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த சீமையும் கிடைத்தன.

இதைச் சொல்லி நிறுத்தியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் பள்ளியில் படிக்கிறவன். முகம் சிவந்திருந்தது.

"ஸார், எங்கள் வீட்டுக் கூடத்தில் தொண்டைமான் மகாராஜா படம் மாட்டியிருக்கிறது. தாத்தா அதற்கு முன்னால் நின்றுதான் பழைய கதையெல்லாம் சொல்லுவார். அதைக் கழற்றிவிட வேண்டுமா?"

சற்று முன்னால் கேட்ட கேள்வியைவிட இது கடினமானது. மற்றப் பிள்ளைகள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பையன்களில் ஒருவன் 'துரோகி' என்ற வார்த்தையை முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மத்தியில் அந்த வார்த்தையை வளரவிட்டால், இருநூறு வருஷத்துக்கு முந்தைய போர் நாளைக்கு விளையாட்டு மைதானத்தில் மறுபடி ஆரம்பித்துவிடும்.

"கழற்ற வேண்டாம், அப்பா" என்றேன். "தொண்டைமான் செய்தது என்னவோ, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உன் தாத்தா சொல்லும் கதையிலும் உண்மை உண்டு. அந்தக் காலத்தில் 'இந்தியா' என்ற ஒரே நாடாக நினைத்தவர்கள் மிகச் சிலர். சேதுபதியும் தஞ்சாவூர் ராஜாவும் ஆர்க்காட்டு நவாபும் ஒருவரை ஒருவர் விழுங்கக் காத்திருந்த காலத்தில், தன் சிறு சீமையைக் காப்பாற்றிக்கொள்ள யாருடன் சேர்ந்தால் நலம் என்றுதான் பலரும் கணக்குப் போட்டார்கள். தொண்டைமான் போட்ட கணக்குப் பலித்தது. தமிழ்நாட்டில் சமஸ்தானமாக நீடித்தது புதுக்கோட்டை ஒன்றுதான். அந்தச் சமஸ்தானத்தார் 1910-ல் காட்சிசாலை வைத்தார்கள். தங்கள் எல்லையிலுள்ள கல்வெட்டுகளைப் படியெடுத்து 1929-ல் அச்சிட்டார்கள். இன்றைக்கு நான் உங்களுக்குக் கல்வெட்டுக் கதை சொல்லுகிறேன் என்றால் அதற்கு அவர்களும் காரணம். நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம், 1948 மார்ச்சில், புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்துவிட்டது. ஆனால் கணக்குப் பார்க்காமல் எழுந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் சீமை மிஞ்சவில்லை, கோட்டை மிஞ்சவில்லை. இரண்டையும் சேர்த்து நினைவு வைத்துக்கொள்வதற்குத்தான் சரித்திரம் படிக்கிறோம்."

பையன் உட்கார்ந்தான். முழுத் திருப்தி அடைந்தான் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கே முழுத் திருப்தி இல்லை. காட்டிக்கொடுத்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது. அவனுடைய தாத்தா வீட்டுப் படத்தைக் கழற்றச் சொல்லவும் முடியாது. உபாத்தியாயரின் தொழிலில் இப்படி நடுவில் நிற்க வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு.

ஆனால் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் முதல் கேள்விக்கு எனக்கு விடை துலங்கியது. யோசித்துப் பாருங்கள். ஊமைத்துரையின் கோட்டையை இடித்து ஆமணக்கு விதைத்தாயிற்று. இடிக்காமல் விட்ட கோட்டையோ அவருடைய அண்ணனைப் பிடித்துக் கொடுத்தவருடையது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? அவர்களிடம் பீரங்கி இல்லை, வேலும் வாளும்கூட இல்லை. கவர்னர் அவற்றையும் பறித்துவிட்டார். மிஞ்சியிருந்தது நாக்கு ஒன்றுதான். அந்த நாக்கால் ஒரு காரியம் செய்தார்கள். நின்றிருந்த கோட்டையை எடுத்து, கோட்டை இழந்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பேச முடியாதவனுக்காக அவர்கள் பேசினார்கள். 'ஊமையன் இங்கே ஒளிந்திருந்தான்' என்று சிலர் சொன்னார்கள். 'இங்கே சிறையிருந்தான்' என்று சிலர் சொன்னார்கள். கதை எப்படிப் போனாலும் பெயர் மட்டும் மாறவில்லை. எந்த அரசனும் சாசனம் வெட்டித் தராத பெயர்; எந்தக் கச்சேரியும் பதிவு செய்யாத தானம்.

ஆகவே அந்தச் சிறுமியிடம் சொன்னேன்: "புத்தகத்தில் ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொள், அம்மா. இடது பக்கத்தில், 'கட்டியவர் சேதுபதி, 1687' என்று எழுது. அது கல் சொல்லுகிற மெய். வலது பக்கத்தில், 'ஊமையன் கோட்டை' என்று எழுது. அது ஜனங்களின் மனசு சொல்லுகிற மெய். ஒன்றை மற்றொன்றின் பக்கத்தில் மாற்றி எழுதிவிட்டால்தான் பொய்யாகும்."

அவள் கோடு போட்டு எழுதிக்கொண்டாள். புதுக்கோட்டைப் பையனும் தன் புத்தகத்தில் ஒரு கோடு போட்டதைப் பார்த்தேன். அவன் என்ன எழுதினான் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

மலையை விட்டு இறங்குவதற்கு முன்னால் இன்னொரு விஷயமும் சொன்னேன். நேயர்களுக்கும் அது ருசிக்கும். பேசாதவன் பெயரால் வழங்கும் இந்த மலையின் அடிவாரத்தில்தான் பேச்சையே ஆயுதமாகக் கொண்ட ஒருவர் பிறந்தார். பெருமாளின் திருநாமமே அவருக்கும் பெயர். 1887-ல் திருமயத்தில் பிறந்த ஸ்ரீ சத்தியமூர்த்தி அவர்களைத்தான் சொல்லுகிறேன். தமிழிலும் இங்கிலீஷிலும் அவர் பேச எழுந்தால் எதிரிகளும் கேட்க உட்காருவார்களாம். 1934-ல் டில்லி மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, வெள்ளைக்கார மந்திரிகளைத் திணற அடித்தார். சென்னை மேயராக இருந்தபோது அந்த நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிகோலினார். பலமுறை சிறை சென்று உடல் நலிந்து, சுதந்திரத்தைக் கண்ணால் காணாமலே 1943 மார்ச்சில் காலமானார். ஊமைத்துரை உள்ளங்கையில் துரும்பை வைத்துச் சொன்னதை, நூற்று முப்பது வருஷத்துக்குப் பிறகு அவர் சட்டசபையில் வாய் திறந்து சொன்னார். சேதி ஒன்றுதான்.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் கட்டபொம்மனுக்கு ஒரு நினைவுக் கோட்டை கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கு ஒன்றேமுக்கால் நூற்றாண்டு பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரையில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கோட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் நம் ஊர் அப்பத்தாக்களும் ஆச்சிகளும்தான்.

திருமயம் கோட்டை இப்போது மத்திய அரசாங்கத் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. காலையில் போங்கள், குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப்போங்கள். மேலே ஏற முடியாவிட்டாலும் கீழே கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்த ஊமையன் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். குழந்தைகள் இரண்டு கதைகளையும் கேட்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். மதிலிலும் பாறையிலும் கரியாலும் ஆணியாலும் தங்கள் பெயரையும் தங்கள் மனத்துக்குகந்தவர் பெயரையும் எழுதிவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் பெருகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் என் மாணவர்கள் சார்பில் சொல்லிக்கொள்கிறேன்: அந்தக் கோட்டைக்குத் தன் பெயரை விட்டுப்போனவன், அதன் ஒரு கல்லிலும் கீறிவிட்டுப் போகவில்லை.